முள் இருக்கிறதா என்று பாருங்கள்... இல்லையென்றால் அது உசிலையாக இருக்கலாம்!

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் ஒரு கரட்டு நிலம் கைமாறினால், புது உரிமையாளருக்கு முன்பே அங்கே வந்து நிற்பது ஜே.சி.பி. ‘முள்ளை எல்லாம் எடுத்துடுங்க’ என்பதுதான் ஓட்டுநருக்குச் சொல்லப்படும் ஒரே குறிப்பு. மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. எது முள், எது மரம் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அரை நாளில் நிலம் மொட்டையாகிவிடும். ஓரத்தில் குவித்துவைத்த குவியலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், சீமைக்கருவேலத்தின் நடுவே முள்ளே இல்லாத சில கிளைகள் கிடக்கும். கருத்த பட்டை, கோழியிறகு போல மெல்லிய இலை, உடைத்தால் எளிதில் உடையாத கட்டை. அதுதான் உசிலை.

பெயர் புதிதாகத் தெரிகிறதா? அரப்பு என்று சொன்னால் உடனே தெரிந்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பாட்டி ஒரு கிண்ணத்தில் குழைத்துத் தந்த பச்சைத் தூள், கண்ணில் பட்டால் ஊரைக் கூட்டும் அந்தத் தூள், இந்த மரத்தின் இலைதான். வருடக்கணக்கில் அரப்பு தேய்த்துக் குளித்தவர்களிலேயே பலருக்கு அது எந்த மரத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் பாக்கெட்டாக வாங்கியதோடு சரி. அதனால்தான் தன் நிலத்திலேயே அந்த மரம் நின்றாலும், முள்ளோடு முள்ளாக அதையும் தள்ளச் சொல்லிவிட்டு, வரும் வழியில் 100 கிராம் அரப்புத் தூள் வாங்கி வருகிறோம்.

சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மரம் அது. கண்மாய், குளம், தரிசு என்று இடம்விடாமல் பரவிவிட்டது. 2017-ம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி மாவட்டம் மாவட்டமாக அதை வேரோடு பிடுங்கும் வேலை மும்முரமாக நடந்தது நினைவிருக்கலாம். இப்போதும் பல ஊர்களில் இளைஞர்கள் கூடிச் செய்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால், தூரத்திலிருந்து பார்த்தால் சீமைக்கருவேலமும் உசிலையும் ஒரே மாதிரி தெரியும். இரண்டுமே பொடி இலை, இரண்டுமே வறண்ட மண்ணில் பச்சையாக நிற்பவை, இரண்டுமே வெட்டினால் பக்கத்துக்கு நாலு கிளை வெடிப்பவை. கிட்டே போய்ப் பார்க்காதவர்களுக்கு இரண்டும் ‘முள்ளு’தான். அந்தக் கிட்டே போய்ப் பார்க்கும் வேலையைத்தான் இந்த வாரம் செய்யப் போகிறோம்.

ஊருக்கு ஒரு பெயர்

தெற்கே உசிலை என்பார்கள். கொங்குப் பக்கம் ஊஞ்சை அல்லது அரப்பு மரம். சில மாவட்டங்களில் துரிஞ்சி. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கத் தேய்க்கும் பொடிக்கு அரப்பு என்று பெயர். அந்தப் பெயரே காலப்போக்கில் மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். இன்றும் பேருந்து நிலையத்தில் ‘உசிலை, உசிலை’ என்றுதான் அழைக்கிறார்கள். மரத்தைப் பார்த்தே இராதவர்கள்கூட தினமும் அதன் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். பருப்பு உசிலிக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை!

தாவரவியலில் இதன் பெயர் அல்பிசியா அமரா. ‘அமரா’ என்றால் லத்தீனில் கசப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்து, சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் படங்களோடு பதிவு செய்த வில்லியம் ராக்ஸ்பர்க்தான் இதற்கு முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர். தொட்டாற்சிணுங்கியின் குடும்பம் என்பதால் அவர் வைத்த பெயர் மிமோசா அமரா. பிறகுதான் அல்பிசியாவுக்கு மாற்றினார்கள். அந்த அல்பிசியா என்பது 18-ம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து இத்தாலிக்கு ஒரு வாகை இன மரத்தைக் கொண்டுபோன அல்பிட்சி என்ற ஃப்ளாரன்ஸ் நகரப் பிரபுவின் குடும்பப் பெயர். உசிலம்பட்டிக் கரட்டில் நிற்கும் மரத்துக்கு இத்தாலியக் குடும்பப் பெயர். தாவரவியலில் இதெல்லாம் சகஜம்.

தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளும் இலங்கையும் இதற்குச் சொந்த ஊர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையிலும் இதன் உறவு மரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் காடுகளைப் பொறுத்தவரை இது ஏதோ ஒரு ஓரத்து மரம் அல்ல. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960-களில் தென்னிந்தியத் தாவரங்களுக்கு வரைபடம் தயாரித்தபோது, சமவெளியின் வறண்ட காட்டு வகை ஒன்றுக்கு உசிலையின் பெயரையும் வேல மரங்களின் பெயரையும் சேர்த்தே பெயர் வைத்தது. அந்தக் காட்டுக்கு முகவரியே இந்த மரம்தான் என்று அர்த்தம்.

கிட்டே போய்ப் பார்த்தால்...

முதல் அடையாளம், முள் இல்லை. கிளையை மெதுவாக உருவிப் பாருங்கள். சீமைக்கருவேலம் என்றால் கை கிழியும். வெள்வேலம் என்றாலும் முள் குத்தும். வன்னியில் சின்னச் சின்ன முட்கள் தடுக்கும். விடத்தலையில் கிளையின் நுனியே முள்ளாகக் கூர்ந்திருக்கும். உசிலையில் அடிமரத்திலும் இல்லை, கிளையிலும் இல்லை, இலைக்காம்பிலும் இல்லை. நிலத்தைச் சுத்தம் செய்யும்போது இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி உசிலைகள் தப்பிவிடும்.

இரண்டாவது, இலை. ஒரு இலை என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு இலையின் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. நடுவில் ஒரு காம்பு. அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாக இறகுகள். ஒவ்வொரு இறகிலும் மறுபடி இரண்டு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள். இப்படி ஒரு காம்பில் ஏறக்குறைய 6 முதல் 15 சோடி இறகுகள், ஒவ்வொரு இறகிலும் 15 சோடிக்குக் குறையாத சிற்றிலைகள். எண்ணிப் பார்த்தால் ஒரே காம்பில் சில நூறு சிற்றிலைகள் தேறும். ஒவ்வொன்றும் ஒரு அரிசியின் நீளம்கூட இருக்காது. சில மரங்களில் எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கையில் வைத்துத் தேய்த்தால் மெத்தென்று இருக்கும். மாலை சாய்ந்ததும் சிற்றிலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி மூடிக்கொள்ளும். காலை ஏழு மணிக்கு அடர்த்தியாகத் தெரிந்த மரம், இரவு ஏழு மணிக்கு இளைத்துப்போனது போலத் தெரியும்.

இளந்தளிரைக் கவனிக்க மறக்காதீர்கள். துளிர்க்கும் கிளை நுனியில் பொன் மஞ்சளாகப் பூனைமுடி போன்ற மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். வெயிலில் பார்த்தால் மரத்தின் உச்சி லேசாகப் பொன் பூசியது போல இருக்கும். உசிலையைப் பழகியவர்கள் இந்த நிறத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள்.

அடிமரம் பெரும்பாலும் நேராக இருக்காது. ஆடு கடித்து, ஆள் வெட்டி, மறுபடி துளிர்த்து, கோணல் மாணலாகத்தான் நிற்கும். விட்டுவைத்தால் 5 முதல் 10 மீட்டர் வரை உயரும். பட்டை கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், வயதான மரத்தில் சின்னச் சின்னச் செதில்களாக உரியும். சுற்றிலும் வெள்வேலங்கள் வெளிறிய பட்டையோடு நிற்கும் இடத்தில், உசிலை மட்டும் கருத்துத் தெரியும்.

பூக்கும் காலத்தில் குழப்பமே வராது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை, நல்ல வெயிலில்தான் இது பூக்கும். வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னப் பவுடர் பஃப் மாதிரி உருண்டைப் பூக்கொத்துகள். நமக்குப் பூவாகத் தெரியும் அந்த நூல்கள் எல்லாம் மகரந்தத் தாள்கள். இதமான வாசனை. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும் பருவத்தில் தேனீக்களுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து என்பதை, மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றால் காதே சொல்லும்.

பூ உதிர்ந்த பிறகு காய். சீமைக்கருவேலத்தின் காய் தடித்து, மஞ்சளாக, சதைப்பற்றோடு இனிக்கும். ஆடு மாடு விரும்பித் தின்று விதையைப் பரப்பும். உசிலைக் காய் அதற்கு நேரெதிர். காகிதம் போலத் தட்டை. ஒரு சாண் நீளம் வரை வரும், இரண்டு விரல் அகலம். உள்ளே இருக்கும் ஆறேழு விதைகள் வெளியே புடைத்துத் தெரியும். முற்றினால் பழுப்பாகி, காற்றடிக்கும்போது சலசலக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

முள் இல்லாத மரங்களிலும் ஒன்றிரண்டு நம்மை ஏமாற்றும். முதல் ஆள், சூபாபுல். சவுண்டல் என்றும் சொல்வார்கள். இதுவும் இறகு இலை, இதுவும் உருண்டைப் பூ, முள்ளும் கிடையாது. ஆனால், பூ வெள்ளை. சிற்றிலைகள் உசிலையைவிடப் பெரியவை. காய்கள் ஒரே இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். இது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம். தீவனத்துக்காக நட்டது இப்போது சாலையோரம் எல்லாம் முளைத்துக் கிடக்கிறது. அரப்பு பறிக்கப் போய் இதைப் பறித்து வந்தவர்கள் உண்டு.

அடுத்தது வாகை. உசிலைக்கு நெருங்கிய உறவு என்றாலும் வித்தியாசம் சுலபம். வாகையின் சிற்றிலை கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. இறகுகளும் இரண்டு மூன்று சோடிதான் இருக்கும். மரமும் உசிலையைவிட மிகப் பெரிது. காய்ந்த வாகைக் காய்கள் வைக்கோல் நிறத்தில் கிலுகிலுப்பை போலச் சத்தமிடும்.

சீயக்காயோ மரமே இல்லை, முள் நிறைந்த கொடி. அதில் காயைப் பொடிக்கிறோம், உசிலையில் இலையைப் பொடிக்கிறோம். ‘அரப்பும் சீயக்காயும் ஒன்றுதானே’ என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

கட்டை எதற்கு ஆகும்?

தேக்கு போலப் பலகை அறுக்க இது ஆகாது. அடிமரம் பருக்காது, நேராகவும் வளராது. அதனால்தான் மரக்கடையில் இதற்குப் பெரிய மதிப்பு வரவில்லை. மதிப்பு தெரிந்தவர்கள் ஊர்த் தச்சர்களும் விவசாயிகளும்தான். வெளிப்புறம் வெளிறி இருந்தாலும், உள்ளே வைரம் ஊதாப் பழுப்பில் இறுகியிருக்கும். குறுக்கே வெட்டினால் வெளிச்சமும் இருளுமாக வளையம் வளையமாகத் தெரியும். அழகான கட்டை. கடினம், கனம், உழைப்பு மூன்றும் உண்டு. கலப்பைக்கும் மாட்டுவண்டிச் சாமான்களுக்கும் கொட்டகைக் கால்களுக்கும் இதைத் தேடிப் போவார்கள். மண்வெட்டிக்குக் காம்பு போட ஒரு பக்கக் கிளை போதும்.

கலப்பை போய் டிராக்டர் வந்தது, மாட்டுவண்டி போய் மினி லாரி வந்தது. மரத்தைத் தேடி வந்த தச்சரும் வருவதில்லை. மிச்சம் இருப்பது விறகு என்ற பயன் மட்டும்தான். நின்று நிதானமாக எரியும் நல்ல விறகு என்பதே இதற்கு ஆபத்தாகவும் ஆகியிருக்கிறது. மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த கட்டை, டன் கணக்கில் எடை போட்டு அடுப்புக்குப் போவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. சீமைக்கருவேலமே விறகுக்குக் கொட்டிக் கிடக்கும்போது உசிலையையும் அந்த லாரியில் ஏற்ற வேண்டுமா என்ன?

நின்றபடியே அது செய்யும் வேலைகளும் உண்டு. அவரைக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. தழையை வெட்டி வயலில் மிதித்துத் தழையுரமாகப் போடுவது பழைய வழக்கம். கோடையில் புல் காய்ந்துபோனால் கொப்பை ஒடித்து ஆட்டுக்குப் போடுவார்கள். மஞ்சள் நிறச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் இலைகளில் இந்த இனத்து மரங்களும் உண்டு. அய்யனார் கோயில் காடுகளில் கோடரி படாமல் நின்ற உசிலைகளைப் பார்த்தால், இந்த மரம் விட்டுவைத்தால் எப்படி வளரும் என்று தெரியும். வெளியே புதர் மாதிரி நிற்பது அங்கே குடை மாதிரி நிற்கும்.

பாக்கெட் அரப்பும் வீட்டு அரப்பும்

இப்போது குளியலறைக்கு வருவோம். உசிலை இலையில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. சோப்பு போலவே தண்ணீரோடும் ஒட்டும், எண்ணெயோடும் ஒட்டும். அதனால் தலையில் இருக்கும் எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு இறக்கிவிடும். ஷாம்பு மாதிரி பொங்கப் பொங்க நுரை வராது, வழவழப்பாகக் குழையும். நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்று பழகிய கைக்கு முதல் இரண்டு முறை திருப்தி வராது. 1980-களில் ஒற்றை ரூபாய் சாஷேக்கள் பெட்டிக்கடைவரை வந்த பிறகு, குழைத்து, தேய்த்து, அலசி, தலையில் ஒட்டிய தூளைத் தட்டி என்று யார் மெனக்கெடுவார்கள்? அரப்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று சுருங்கிப்போனது.

இப்போது மறுபடி தேவை கூடியிருக்கிறது. ஆன்லைனில் அரப்புத் தூள் அழகான ஜாடியில் வருகிறது. ‘முடி கருகருவென வளரும், வழுக்கையில் முடி முளைக்கும்’ என்று லேபிளில் போட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு வைத்துவிடுங்கள். அரப்பு ஒரு நல்ல கழுவுபொருள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும், கூந்தலை மென்மையாக வைக்கும். அதுவே போதுமான காரணம்.

மரம் அருகில் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். முற்றிய பச்சை இலைகளைக் காம்போடு பறித்து, மண் போக அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பழுப்பாகிவிடும். இரண்டு மூன்று நாளில் தட்டினாலே சிற்றிலைகள் உதிர்ந்துவிடும். காம்பை நீக்கிவிட்டு உதிர்ந்ததை மட்டும் மிக்ஸியில் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் படாத டப்பாவில் போட்டுவைத்தால் முடிந்தது. தேய்க்கும்போது வெந்நீரைவிட வடிகஞ்சியில் குழைப்பது நல்லது. கஞ்சி தூளைப் பிடித்துக்கொள்வதால் தலையில் சீராகப் படரும். கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்குத் தேய்க்கும்போது நெற்றியில் கையை அணை போல வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் அழுகை குறையும்.

கடையில் வாங்குகிறீர்களா? நிழலில் காய்ந்த இலைத் தூள் மங்கிய பச்சையாகத்தான் இருக்கும். பெயின்ட் அடித்தது போலப் பளிச்சென்ற பச்சை சந்தேகத்துக்குரியது. ஒரு ஸ்பூன் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் தங்கினால் எடைக்குச் சேர்ந்தது அது. கொஞ்சம் குழைத்து விரலில் தேய்த்தால் வழவழப்பு வரவேண்டும். வராமல் புல் போலச் சொரசொரவென்றே இருந்தால் வேறு இலை கலந்திருக்கலாம், அல்லது ரொம்பப் பழைய தூளாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தலைக்குத் தேய்ப்பது வேறு, உள்ளே சாப்பிடுவது வேறு. இதன் விதையில் வீரியமான ஆல்கலாய்டுகள் இருப்பதை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘நாட்டு மரம்தானே’ என்று விதையையோ இலையையோ கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

செடிக்கும் அரப்பு

மனிதர்கள் அரப்பை மறந்த காலத்திலும் அதை மறக்காதவர்கள் இயற்கை விவசாயிகள். அரப்பு மோர் கரைசல் தமிழ்நாட்டு இயற்கை விவசாயத்தில் பிரபலமான வளர்ச்சி ஊக்கி. புளித்த மோர் 5 லிட்டர், இளநீர் ஒரு லிட்டர், அரப்பு இலை ஒன்று முதல் இரண்டு கிலோ. இலையை அரைத்து இவற்றோடு கலந்து, மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ ஊற்றி, நிழலில் 7 நாள் புளிக்கவிடுகிறார்கள். வடிகட்டி, ஒரு லிட்டர் கரைசலுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் பூக்கும் பருவத்தில் தெளிக்கிறார்கள். பூ நன்றாகப் பிடிக்கிறது, உதிர்வது குறைகிறது என்பது இதைப் பயன்படுத்தும் விவசாயிகளின் அனுபவம். மாடித்தோட்டத்தில் தக்காளியும் மிளகாயும் வைத்திருப்பவர்கள் இந்த அளவை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துச் செய்யலாம். மோர் ஐந்து நாளுக்கு மேல் புளித்தால் வாடை வரும் என்பதால், அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக வாளியை வைக்காமல் இருப்பது நல்லுறவுக்கு உகந்தது.

விதைகளுக்கு மேல்பூச்சு போடவும் அரப்புத் தூள் உதவுகிறது. கஞ்சியைப் பசையாக வைத்து, விதை மீது அரப்புத் தூளைப் படியவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை ஆய்வாளர்கள் பல பயிர்களில் சோதித்திருக்கிறார்கள். மானாவாரி நிலத்தில் விதைக்கும் பயறு வகைகளுக்கு இது கைகொடுக்கும்.

மரத்திலிருந்து இலை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய கிளையை வெட்டிச் சாய்த்து உருவுவது சுலபம்தான். ஆனால், அந்தக் கிளை மறுபடி அந்த அளவுக்கு வளரக் காலம் பிடிக்கும். நுனிக் கொப்புகளை மட்டும் ஒடித்து, ஒரு மரத்தில் கால்வாசிக்கு மேல் எடுக்காமல் அடுத்த மரத்துக்கு நகர்ந்தால் வருடா வருடம் இலை கிடைக்கும். பூக்கும் மாதங்களில் தேனீக்களுக்கு விட்டுவிடலாம்.

நடலாமா?

நடலாம். ஆனால், நர்சரியில் கேட்டால் மகோகனி, மலைவேம்பு, தேக்கு என்று காட்டுவார்கள்; உசிலைக் கன்று எல்லா இடத்திலும் கிடைக்காது. ஐந்து வருடத்தில் வெட்டிக் காசாக்கும் மரம் இல்லை என்பதால் கேட்பவர்கள் குறைவு, அதனால் வளர்ப்பவர்களும் குறைவு. விதையிலிருந்து நீங்களே வளர்ப்பது சுலபம். பனிக்காலத்தில் மரத்திலேயே பழுப்பாகக் காய்ந்த நெற்றுகளைப் பறித்து விதையெடுங்கள். ஓட்டை விழுந்த விதைகள் வேண்டாம், உள்ளே வண்டு தின்றிருக்கும். விதையோடு கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரை விதை மீது ஊற்றி, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பிய விதைகளை மட்டும் எடுத்து, மணலும் செம்மண்ணும் கலந்த பையில் அரை விரல் ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் இது. பையிலேயே வருடக்கணக்கில் வைத்திருந்தால் வேர் சுருண்டு, நட்ட பிறகும் தேறாது. புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டி நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்குக் கொஞ்சம் தண்ணீரும் ஆட்டிடமிருந்து வேலியும் வேண்டும். அப்புறம் அது உங்களைக் கேட்காது. தண்ணீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. சரளை, செம்மண், கரடு எதுவானாலும் சமாளித்துக்கொள்ளும். தோட்டத்தின் வேலியோரம், பண்ணைக்குட்டை மேடு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தரிசு என்று வேறு எதுவும் வராது என்று கைவிட்ட இடங்கள் இதற்குப் போதும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? வேரோடு பிடுங்காமல் வெட்டியிருந்தால் அடிக்கட்டையை அப்படியே விடுங்கள். எரிக்கவும் வேண்டாம், ஆசிட் ஊற்றவும் வேண்டாம். அடுத்த மழையில் அதைச் சுற்றி பத்துப் பதினைந்து துளிர்கள் பொன் ரோமத்தோடு கிளம்பும். அவற்றில் திடமான இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அரப்புக்கு ஒடித்துக்கொள்ளலாம். சுற்றிலும் நாலு சீமைக்கருவேலங் கிளையை வெட்டிப் போட்டால், ஆடு நெருங்காத இலவச வேலியும் ஆயிற்று.